முடிவு தெரிந்த மேட்சுக்கு மார்க் போடுவது எப்படி?

மூன்று வருடமாக ஒரு எக்செல் கோப்பு வைத்திருக்கிறேன். டிவியில் வாராவாரம் வரும் ரெஸ்லிங் ஷோக்களில் நடந்த சாம்பியன்ஷிப் மேட்சுகளின் பட்டியல் அது. தனியாகக் காசு கட்டிப் பார்க்கும் பே-பெர்-வியூ மேட்சுகள் அதில் கிடையாது. தேதி, ஊர், யாரோடு யார், எத்தனை நிமிடம், கடைசிப் பத்தியில் நூற்றுக்கு எத்தனை மார்க் என்று வரும். மார்க்குக்கு ஒரு ஃபார்முலாவும் எழுதி வைத்திருந்தேன். பிடி, தாவல், வேகம் எல்லாம் சேர்த்து 40, கதைக்கு 30, கூட்டத்தின் சத்தத்துக்கு 20, முடிவுக்கு 10.

டிரம்ப் கார்டு விளையாடி வளர்ந்த தலைமுறைக்கு இது இயல்பாக வருகிற வியாதி. உயரம், எடை, நெஞ்சளவு, பைசெப்ஸ், ரேங்க் என்று மனுஷனை எண்ணாக மாற்றினால்தான் நமக்குத் திருப்தி.

அந்த ஃபார்முலா 1999 ஜனவரி 4 அன்று படுத்துவிட்டது. அன்று திங்கட்கிழமை. அமெரிக்காவில் ஒரே ராத்திரியில், போட்டிக் கம்பெனிகள் இரண்டு, இரண்டு சேனல்களில், உலக சாம்பியன் பட்டத்தைக் கைமாற்றின. அதில் ஒரு மேட்சுக்கு என் ஃபார்முலா 54 கொடுத்தது. அதே கோப்பில் 71 வாங்கிய வேறொரு மேட்ச் இருக்கிறது. அது எப்படி முடிந்தது என்று இப்போது கேட்டால் எனக்கு ஞாபகம் இல்லை. 54 வாங்கியதையோ பத்துத் தடவைக்கு மேல் பார்த்திருக்கிறேன். நன்றாகத் தெரிந்த இன்புட்டுக்கே தப்பான விடை வருகிறதென்றால் கோளாறு ஃபார்முலாவில்தான் இருக்க வேண்டும். கோளாறு எங்கே என்று தேடியபோது எழுதிய குறிப்புகள்தான் இவை.

முதலில் அந்தப் பழைய கேள்வி

"அதெல்லாம் பொய்தானே, அதுக்குப் போய் விமர்சனமா?" என்று வீட்டில் கேட்கிறார்கள், ஆபீஸிலும் கேட்கிறார்கள். யார் ஜெயிப்பது என்பது முன்கூட்டியே முடிவானது என்பதில் ஒளிவுமறைவே கிடையாது. 1989இலேயே வின்ஸ் மக்மஹனின் டபிள்யூ.டபிள்யூ.எஃப், நியூ ஜெர்சி மாநில சட்டமன்றத்தில் இது விளையாட்டுப் போட்டி இல்லை, கேளிக்கை நிகழ்ச்சி என்று தானே சொல்லிவிட்டது. விளையாட்டு ஆணையத்தின் கட்டுப்பாடுகளிலிருந்து தப்பிப்பதற்காகச் சொன்னது அது.

பதினெட்டாம் போர் நடக்கும் கூத்தில் துரியோதனன் சாகப்போகிறான் என்பது ஊரில் பால்குடிக் குழந்தைக்குக்கூடத் தெரியும். ஆனாலும் படுகளத்தன்று ஊரே திரண்டு போய் நிற்கிறது. முடிவு என்ன என்று தெரிந்துகொள்ளவா போகிறார்கள்? அவன் விழுகிற நேரத்தில் அங்கே இருக்க வேண்டும் என்றுதான் போகிறார்கள். இந்த உதாரணத்தைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேலைக்கு ஆகும்.

முடிவு எழுதி வைத்தது என்றால் சாம்பியன் பெல்ட்டுக்கு என்னதான் அர்த்தம்? கிரிக்கெட்டில் கோப்பை என்பது நடந்து முடிந்ததற்கான சான்று. இங்கே பெல்ட் என்பது கம்பெனி ரசிகனுக்கு எழுதிக் கொடுக்கும் புரோநோட்டு மாதிரி. 'இவர்தான் இப்போது எங்கள் கதையின் மையம், இவரை நம்பி உங்கள் நேரத்தைப் போடுங்கள்' என்பது அதன் வாசகம். அந்த நோட்டை மதிக்கிறார்களா, கிழித்துப் போடுகிறார்களா என்பது ஒவ்வொரு சாம்பியன்ஷிப் மேட்சிலும் தெரிந்துவிடும்.

டிவியில் பட்டம் கைமாறுவது ஏன் பெரிய விஷயம்?

எண்பதுகளில் வாராந்திர டிவி ஷோ என்பது பெரும்பாலும் விளம்பரம்தான். பெயர் தெரிந்த ஆள் பெயர் தெரியாத ஆளை இரண்டு நிமிடத்தில் புரட்டிப் போடுவார், மைக்கில் சவால் விடுவார். உண்மையான மேட்சைப் பார்க்க வேண்டுமானால் அரங்கத்துக்கு டிக்கெட் எடுக்க வேண்டும், அல்லது பே-பெர்-வியூவுக்குக் காசு கட்ட வேண்டும். பட்டம் டிவியில் மாறுவது அபூர்வம். 1988 பிப்ரவரி 5 அன்று என்.பி.சி.யில் ஹல்க் ஹோகனிடமிருந்து ஆந்த்ரே தி ஜயன்ட் பட்டத்தைப் பறித்தபோது 3 கோடியே 30 லட்சம் பேர் பார்த்தார்கள். அமெரிக்க ரெஸ்லிங் டிவியில் இன்றுவரை அதுதான் உச்சம்.

தொண்ணூறுகளில் நிலைமை தலைகீழானது. டபிள்யூ.டபிள்யூ.எஃபின் 'ரா' 1993 ஜனவரியில் தொடங்கியது. டெட் டர்னரின் டபிள்யூ.சி.டபிள்யூ 1995 செப்டம்பரில் அதே திங்கட்கிழமை இரவில் 'நைட்ரோ'வைக் கொண்டுவந்து எதிரே நிறுத்தியது. 1996 நடுவிலிருந்து 1998 ஏப்ரல் வரை தொடர்ந்து 83 வாரம் நைட்ரோதான் ரேட்டிங்கில் முன்னிலை. ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டு ஷோவையும் மாற்றி மாற்றிப் பார்க்கும் ரசிகனைப் பிடித்து வைக்க, முன்பு காசுக்கு விற்றதை இலவசமாகக் கொடுக்கத் தொடங்கினார்கள். பட்டமும் அந்தக் கணக்கில் சேர்ந்தது.

இதற்கு இரண்டு உதாரணம் சொல்கிறேன். 1998 ஜூலை 6 அன்று அட்லாண்டாவின் ஜார்ஜியா டோமில், ஏறக்குறைய 40 ஆயிரம் பேர் முன்னால், கோல்ட்பர்க் ஹோகனைத் தோற்கடித்து நைட்ரோவில் சாம்பியன் ஆனார். பே-பெர்-வியூவில் கோடிக்கணக்கில் விற்றிருக்க வேண்டிய மேட்சைச் சும்மா கொடுத்துவிட்டார்கள் என்று இன்றைக்கும் திட்டுகிறார்கள். வியாபாரமாகப் பார்த்தால் நியாயம்தான். ஆனால் அரங்கத்தில் இருந்தவனுக்கோ வீட்டில் பார்த்தவனுக்கோ எந்தக் குறையும் வைக்கவில்லை.

இரண்டாவது அதே வருடம் அக்டோபர் 25. 'ஹாலோவீன் ஹேவாக்' பே-பெர்-வியூ நேரம் தாண்டி ஓடியது. காசு கட்டியிருந்த பல வீடுகளில், கோல்ட்பர்க்கும் டயமண்ட் டல்லாஸ் பேஜும் மோதிய கடைசி மேட்சின் நடுவில் ஒளிபரப்பு அறுந்து போனது. மறுநாள் நைட்ரோவில் அந்த மேட்சை முழுசாக இலவசமாகப் போட்டார்கள். வாங்கிய கடனைத் திருப்பிக் கொடுத்தது போல. அந்த வாரம் நைட்ரோ ரேட்டிங்கில் ஜெயித்தது. 'ரா'வை நைட்ரோ ஜெயித்தது அதுவே கடைசித் தடவை.

இந்த இரண்டாவது சம்பவத்தைக் கோப்பில் ஏற்றும்போதுதான் முதல்முறையாக எனக்கு உறைத்தது. மேட்ச் ஒன்றுதான். ஞாயிறு பார்த்தவன் ஏமாந்தான், திங்கள் பார்த்தவன் நிறைவாகத் தூங்கப் போனான். பிடியும் தாவலும் மாறவே இல்லை. அப்படியானால் என் ஃபார்முலாவின் 40 மார்க் எதை அளந்துகொண்டிருக்கிறது?

வூஸ்டர்: சேர்ந்து போன பாக்கி

இப்போது 1999 ஜனவரி 4க்கு வருவோம். முதலில் டபிள்யூ.டபிள்யூ.எஃப் பக்கம். சாம்பியன் தி ராக், எதிரே மேன்கைண்ட். முகமூடிக்குள்ளே இருந்த மனிதர் மிக் ஃபோலி.

மணி அடிப்பதற்கு முன்னால் ரசிகனுக்கு எவ்வளவு பாக்கி இருந்தது என்று பார்ப்போம். நவம்பர் 15 அன்று 'சர்வைவர் சீரிஸ்' இறுதியில் மேன்கைண்ட் தோல்வியை ஒப்புக்கொள்ளாமலே, முதலாளி மக்மஹன் மணியை அடிக்கச் சொல்லி ராக்கை சாம்பியன் ஆக்கினார். டிசம்பர் 13 அன்று வான்கூவரில் மேன்கைண்ட் தன் பிடியில் ராக்கை மயங்க வைத்தே விட்டார். ராக் வாயால் தோல்வியைச் சொல்லவில்லையே என்று ஒரு நொண்டிச் சாக்கு சொல்லி பெல்ட்டைத் தர மறுத்தார்கள். ஒரே மாதத்தில் இரண்டு தடவை ஏமாற்றம். வில்லன் முதலாளி, கிறுக்குத்தனமான நல்ல மனசுக்காரத் தொழிலாளி. சம்பள பாக்கிக்காக வாசலில் நிற்கும் ஆளைப் பார்த்தால் யாருக்கும் யார் பக்கம் என்று சொல்லித் தர வேண்டியதில்லை.

கதைக்கு வெளியிலும் ஒரு பாக்கி இருந்தது. கல்லூரியில் படிக்கும்போது, 1983இல், மேடிசன் ஸ்கொயர் கார்டனில் ஜிம்மி ஸ்னூக்கா கூண்டு உச்சியிலிருந்து குதிப்பதைப் பார்க்க வழியில் போகிற வண்டிகளில் தொற்றிக்கொண்டு போனவர் ஃபோலி. 1994இல் மியூனிக்கில் ஒரு மேட்சில் வலது காதின் பெரும்பகுதியை இழந்தார். 1998 ஜூனில் பிட்ஸ்பர்க்கில் 16 அடிக் கூண்டின் மேலிருந்து அண்டர்டேக்கர் அவரைத் தூக்கி எறிந்தது உலகறிந்த காட்சி. இவ்வளவு அடி வாங்கியும், இந்தக் கம்பெனியில் உச்சப் பட்டத்துக்கான உடல்வாகு இல்லை, முகவெட்டு இல்லை என்றே எல்லாரும் எண்ணியிருந்தார்கள். ரசிகனுக்கு இது தெரியும். எழுதி வைத்த கதைக்குள் எழுதாத ஒரு கதையும் ஓடிக்கொண்டிருந்தது.

மேட்ச் நடந்த இடம் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் வூஸ்டர் நகரம். ஒளிபரப்பானது ஜனவரி 4. ஆனால் பதிவு செய்தது ஆறு நாள் முன்னால், டிசம்பர் 29 அன்று. அந்தக் காலத்தில் 'ரா' ஒரு வாரம் நேரலை, அடுத்த வாரம் பதிவு என்று ஓடிக்கொண்டிருந்தது. அதனால் முடிவு இணையத்தில் ஏற்கெனவே கசிந்திருந்தது.

மேட்சாக மட்டும் பார்த்தால் சுமார்தான். பத்து நிமிடம்கூட இல்லை. தகுதிநீக்கம் கிடையாது என்ற நிபந்தனை. ராக்கின் பக்கம் மக்மஹனின் 'கார்ப்பரேஷன்' அடியாட்கள், மேன்கைண்ட் பக்கம் 'டி-ஜெனரேஷன் எக்ஸ்' கோஷ்டி. பெல்ட்டால் அடி, நாற்காலியால் அடி, நடுவில் ஆளாளுக்கு நுழைகிறார்கள். நுணுக்கமான மல்யுத்தம் என்று சொல்ல அதில் பெரிதாக ஒன்றும் கிடையாது. அதனால்தான் 54.

ஆனால் கடைசி ஒரு நிமிடத்தைப் பாருங்கள். இரண்டு கோஷ்டியும் வெளியே அடித்துக்கொண்டிருக்கும்போது கண்ணாடி உடையும் சத்தம் கேட்கிறது. அது ஸ்டீவ் ஆஸ்டினின் வருகை இசை. அரங்கம் எழுப்பிய சத்தத்தில் டிவி ஸ்பீக்கர் கரகரக்கிறது. ஆஸ்டின் நேராக வந்து ராக்கை நாற்காலியால் அடித்துவிட்டு, மேன்கைண்டை இழுத்து ராக்கின் மேல் போட்டுவிட்டுப் போகிறார். ஒன்று, இரண்டு, மூன்று. மைக்கேல் கோலின் குரல் உடைகிறது. கூட்டாளிகள் ஃபோலியைத் தோளில் தூக்கிக்கொள்கிறார்கள். அவர் மைக்கை வாங்கி, வீட்டில் இருக்கும் தன் பிள்ளைகளிடம் அப்பா ஜெயித்துவிட்டதாகச் சொல்கிறார்.

வேறொருவர் வந்து அடித்துக் கொடுத்த வெற்றி எப்படி இனிக்கும் என்று கேட்கலாம். என் பழைய ஃபார்முலா கேட்டது, 'முடிவு' பத்தியில் 10க்கு 4 போட்டது. ஆனால் இரண்டு மாதம் மேன்கைண்டை ஏமாற்றியது ராக் மட்டுமா? முதலாளி, நடுவர், அடியாட்கள் என்று ஒரு கும்பல். நேர்மையான தனிமனித வெற்றி அந்தக் கதைக்குப் பொருந்தியே இருக்காது. கும்பலாகப் பறித்ததைக் கும்பலாகவே திருப்பி வாங்கினார்கள். முடிவின் நியாயத்தைக் கதையின் அநியாயத்தோடு ஒப்பிட்டுத்தான் அளக்க வேண்டும். அதை நான் அளக்கவில்லை.

அட்லாண்டா: ஒரு விரல்

அதே இரவு, அதே ஜார்ஜியா டோம். கோல்ட்பர்க் ஹோகனைத் தோற்கடித்த அதே இடம், சரியாக ஆறு மாதம் கழித்து. நடுவில் நடந்தது இது: டிசம்பர் 27 அன்று 'ஸ்டார்கேட்' பே-பெர்-வியூவில் ஸ்காட் ஹால் மின்சாரக் கருவியால் கோல்ட்பர்க்கைத் தாக்க, கெவின் நாஷ் ஜெயித்து சாம்பியன் ஆனார். 173 வெற்றிகள் என்று கம்பெனி கணக்குக் காட்டிய கோல்ட்பர்க்கின் தொடர் வெற்றி அதோடு முடிந்தது. ஆக, ஜனவரி 4க்கு விளம்பரம் செய்த மேட்ச் நாஷ் எதிர் கோல்ட்பர்க். ஜார்ஜியா பல்கலைக்கழகத்துக்கும் அட்லாண்டா ஃபால்கன்ஸ் அணிக்கும் கால்பந்து ஆடியவர் கோல்ட்பர்க். அதாவது உள்ளூர்ப் பிள்ளை. முப்பத்தைந்து ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் அதற்குத்தான் வந்திருந்தார்கள். இங்கேயும் ரசிகனுக்குப் பெரிய பாக்கி. கட்டி முடிக்க அருமையான இடம், அருமையான நாள்.

என்ன செய்தார்கள்? எலிசபெத்தைப் பின்தொடர்ந்து தொல்லை கொடுத்தார் என்ற கதைப் புகாரில் கோல்ட்பர்க்கைப் போலீஸ் கூட்டிக்கொண்டு போகிறது. அவருக்குப் பதிலாக ஹோகன். சில வாரம் முன்னால்தான் 'டுநைட் ஷோ'வில் உட்கார்ந்து ஓய்வு அறிவித்தவர். மணி அடிக்கிறது. இருவரும் சுற்றி வருகிறார்கள். நாஷ் ஹோகனை ஒரு தள்ளு தள்ளுகிறார். ஹோகன் கையை ஓங்குவது போல ஓங்கி, ஆள்காட்டி விரலால் நாஷின் நெஞ்சில் ஒரு குத்து. குத்து என்றுகூடச் சொல்லக் கூடாது, தொட்டார். ஏழடி உயர நாஷ் பீரங்கிக் குண்டு பட்டவர் மாதிரி மல்லாந்து விழுகிறார். ஹோகன் மேலே படுக்கிறார். ஒன்று, இரண்டு, மூன்று. உலக சாம்பியன் ஹோகன். இருவரும் கட்டிப் பிடித்துச் சிரிக்கிறார்கள். ஆரம்பத்திலிருந்தே கூட்டுச் சதியாம்.

கோல்ட்பர்க் திரும்பி ஓடி வந்தார். அவரை லெக்ஸ் லூகரும் சேர்ந்து அடித்துப் போட்டு, கைவிலங்கு மாட்டி, முதுகில் பெயின்ட் அடித்தார்கள். ஷோ முடிந்தது.

கதைக்குள் இதற்கும் ஒரு தர்க்கம் சொல்லலாம். வில்லன்கள் நாயகனை ஏமாற்றுகிறார்கள், கோபம் ஏறும், பிறகு பழிவாங்கல் வரும் என்று. 'சர்வைவர் சீரி'ஸில் ராக்கும் மக்மஹனும் செய்ததும் சதிதானே? ஆம். ஆனால் அங்கே ஏமாந்தது மேன்கைண்ட். அவரோடு சேர்ந்து நாமும் கோபப்பட்டோம். அட்லாண்டாவில் ஏமாந்தது டிக்கெட் எடுத்தவன். விளம்பரம் செய்த மேட்சே நடக்கவில்லை. நடந்ததும் 'இந்தப் பெல்ட், இந்தச் சண்டை எல்லாம் சும்மா' என்று அவன் முகத்துக்கு நேரே சொன்னது. கூத்தில் சகுனி தர்மனை ஏமாற்றலாம். கூத்துக் குழு ஊரை ஏமாற்றினால் அடுத்த வருடம் தாம்பூலம் வைக்க மாட்டார்கள்.

கெடுத்துவிட்டதாக நினைத்துக் கொடுத்த விளம்பரம்

இரண்டு மேட்சையும் ஒன்றாகக் கட்டிய சம்பவம் ஒன்று உண்டு. நைட்ரோ நேரலை, 'ரா' பதிவு. அதனால் முடிவை முன்னாலேயே சொல்லி எதிராளியைக் கெடுப்பது நைட்ரோவின் பழைய தந்திரம். அன்றும் வர்ணனையாளர் டோனி ஷியவானி, 'அந்தச் சேனலுக்குப் போகாதீர்கள், ஒரு காலத்தில் நம்மிடம் கேக்டஸ் ஜாக்காக இருந்த மிக் ஃபோலி அங்கே பட்டம் ஜெயிக்கப் போகிறார்' என்று சொல்லிவிட்டு, அது ரொம்பத்தான் கூட்டம் சேர்க்கும் என்று நக்கலும் அடித்தார். எரிக் பிஷோஃப் சொல்லச் சொன்னதைத்தான் சொன்னேன் என்று பிறகு ஷியவானி பல தடவை விளக்கியிருக்கிறார்.

அந்த நிமிடமே லட்சக்கணக்கான பேர் ரிமோட்டை எடுத்து சேனலை மாற்றினார்கள். ஃபோலி ஜெயிப்பதைப் பார்க்க. அன்றைய ரேட்டிங் 'ரா' 5.7, நைட்ரோ 5.0. அடுத்த மாதங்களில் அரங்கங்களில் 'என்னை இந்த நாற்காலியில் உட்கார வைத்தது ஃபோலிதான்' என்ற பொருளில் அட்டை பிடித்து நின்றார்கள் ரசிகர்கள்.

இப்போது படுகளத்தை ஞாபகப்படுத்திக்கொள்ளுங்கள். முடிவைச் சொல்லிவிட்டால் பார்க்க வர மாட்டார்கள் என்று டபிள்யூ.சி.டபிள்யூ நினைத்தது. முடிவு தெரிந்ததால்தான் வந்தார்கள். இரண்டு மாதமாகத் தள்ளிப்போன ஒன்று இன்றைக்கு நடக்கப் போகிறது என்று எதிரிக் கம்பெனியே உத்தரவாதம் கொடுத்தால் யார்தான் போக மாட்டார்கள்?

கொஞ்சம் நிதானம்

'விரல் பட்ட அன்றே டபிள்யூ.சி.டபிள்யூ செத்துவிட்டது' என்று எழுதுவது எளிது. பலரும் அப்படித்தான் எழுதுகிறார்கள். தேதிகளை வரிசையாக வைத்தால் அது நிற்காது. 83 வாரத் தொடர் வெற்றி முடிந்தது 1998 ஏப்ரலில். நைட்ரோ கடைசியாக ஜெயித்தது அக்டோபரில். ஜனவரி 4க்கு முன்பே 'ரா' முந்திவிட்டது. அந்த இரவிலும் 5.0 என்பது பிரமாதமான எண்தான். கம்பெனி அதற்குப் பிறகும் இரண்டு வருடத்துக்கு மேல் ஓடியது. பிறகு டர்னர் நிறுவனத்தின் பெரிய இணைப்பு, செலவு, சேனல்கள் ரெஸ்லிங்கே வேண்டாம் என்று கைவிட்டது எல்லாம் சேர்ந்து 2001 மார்ச்சில் மக்மஹனிடமே விற்கும் நிலை வந்தது. மார்ச் 26 அன்று கடைசி நைட்ரோ.

ஆகவே அந்த விரலைக் கொலைக்கருவி என்று நான் சொல்ல மாட்டேன், அறிகுறி என்பேன். பெல்ட்டின் மதிப்பு ரசிகனின் நம்பிக்கையில் இருக்கிறது என்பதை மறந்த நிர்வாகம், மற்ற இடங்களிலும் அதே மறதியோடுதான் நடந்திருக்கும்.

விமர்சகன் மார்க் போடக் கூடாத இடம்

ஃபார்முலாவைத் திருத்தும்போது இன்னொரு கோளாறும் தெரிந்தது. ஜனவரி 24 அன்று 'ராயல் ரம்பிள்' பே-பெர்-வியூவில் ராக்கும் ஃபோலியும் மறுபடி மோதினார்கள். 'நான் விட்டுவிடுகிறேன்' என்று வாயால் சொன்னால்தான் தோல்வி என்ற நிபந்தனை. கைகளைப் பின்னால் விலங்கிட்டிருந்த ஃபோலியின் தலையில் ராக் பத்துத் தடவைக்கு மேல் நாற்காலியால் அடித்தார். பேசி வைத்ததைவிட அதிகம். விலங்கு மாட்டிய ஆள் கையைத் தூக்கித் தலையைக் காப்பாற்றிக்கொள்ள முடியாது. கீழே ஃபோலியின் மனைவியும் சின்னக் குழந்தைகளும் உட்கார்ந்திருந்தார்கள். பிள்ளைகள் அலறி அழுவது 'பியாண்ட் தி மேட்' ஆவணப்படத்தில் இருக்கிறது. மூன்று வாரம் முன்னால் அப்பா ஜெயித்ததை டிவியில் கேட்ட அதே பிள்ளைகள்.

பல வருடம் முன்னால் அதைப் பார்த்தபோது 'தீவிரம்' என்று மனசுக்குள் மார்க் போட்டவன்தான் நான். இப்போது வெட்கமாக இருக்கிறது. முடிவு பொய், வலி பொய் இல்லை. மண்டைக்குள் ஏற்படும் அதிர்ச்சிக்குக் கதை தெரியாது. தலையில் நாற்காலியால் அடிப்பதை டபிள்யூ.டபிள்யூ.இ 2010இல்தான் தடை செய்தது. வூஸ்டரில் ஆஸ்டின் அடித்த அடியைக்கூட இப்போது பார்க்கும்போது ராக்கின் தலையைத்தான் முதலில் பார்க்கிறேன்.

அடி வாங்காமலே அடி வாங்கியதாக நம்ப வைப்பதுதான் இந்தக் கலையின் திறமை. 'செல்லிங்' என்பார்கள். நிஜமாகவே மண்டையைக் கொடுத்துவிட்டால் அங்கே கலைக்கு என்ன வேலை? அதற்கு நாம் கொடுக்கும் ஒவ்வொரு நட்சத்திரமும் அடுத்தவனை இன்னும் உயரத்திலிருந்து குதிக்கச் சொல்வதாகத்தான் ஆகும்.

நட்சத்திரம் என்றதும் டேவ் மெல்ட்சரைச் சொல்லாமல் விட முடியாது. 'ரெஸ்லிங் அப்சர்வர்' செய்திமடலில் மேட்சுகளுக்கு நட்சத்திரம் கொடுக்கும் வழக்கத்தைப் பரப்பியவர் அவர். ஐந்துதான் உச்சம் என்றிருந்த அளவுகோலில் 2017 ஜனவரி 4 அன்று டோக்கியோவில் நடந்த ஒகாடா–ஒமேகா மேட்சுக்கு ஆறு கொடுத்தார். அடுத்த வருடம் அதே இருவருக்கு ஏழு. மேட்ச் அற்புதம், அதில் சண்டை இல்லை. ஆனால் அந்த அளவுகோல் வளையத்துக்குள் நடக்கும் வேலைக்கானது. டிவி சாம்பியன்ஷிப்பின் பாதி வளையத்துக்கு வெளியே நடக்கிறது. அதற்கு வேறு கணக்கு வேண்டும்.

இப்போதைய கோப்பு

மார்க் பத்தியை அழித்துவிட்டேன். பதிலாக ஐந்து கேள்விகள். எண் கிடையாது, ஒவ்வொன்றுக்கும் இரண்டு வரி.

1. மணி அடிக்கும் முன் ரசிகனுக்கு என்ன வாக்குக் கொடுத்திருந்தார்கள்? முந்தைய வாரங்களைப் பார்க்காமல் இதை எழுதக் கூடாது.

2. விளம்பரம் செய்த மேட்ச் நடந்ததா? ஆள் மாறினாலோ, ஒளிபரப்பு அறுந்தாலோ, விளம்பர இடைவேளையில் முக்கியமான கட்டம் போய்விட்டாலோ அதையும் எழுத வேண்டும்.

3. வளையத்துக்குள் நடந்த வேலை, கிடைத்த நேரத்துக்குள் எப்படி இருந்தது? டிவியில் எட்டு நிமிடம் கிடைத்தவனைப் பே-பெர்-வியூவில் நாற்பது நிமிடம் கிடைத்தவனோடு ஒப்பிடக் கூடாது.

4. முடிவில் ஏமாந்தது யார்? கதாபாத்திரமா, பார்த்தவனா? என் கோப்பில் அதிகம் உதவுகிற கேள்வி இதுதான்.

5. மறுவாரம் பெல்ட்டின் மதிப்பு ஏறியதா இறங்கியதா? இதனால் எந்த மேட்சையும் அன்றே விமர்சிப்பதை விட்டுவிட்டேன். குறைந்தது இரண்டு வாரம் பொறுத்துத்தான் எழுதுகிறேன்.

இந்த ஐந்தையும் வைத்துப் பார்த்தால் 54 வாங்கிய வூஸ்டர் மேட்ச் மேலே போய்விடுகிறது. அட்லாண்டா மேட்சில் மூன்றாவது கேள்விக்கு எழுத ஒன்றுமில்லை, நான்காவதற்கு ஒரே வரி போதும். 71 வாங்கிய அந்த மேட்சைப் போன வாரம் மறுபடி போட்டுப் பார்த்தேன். பிடிகள் எல்லாம் சுத்தம், தாவல்கள் அழகு. முதல் கேள்விக்கு என்ன எழுதுவது என்றுதான் தெரியவில்லை. யாரும் யாருக்கும் எந்த வாக்கும் கொடுத்திருக்கவில்லை.

அடுத்த குறிப்பு, மேலே சொன்ன 1988 ஹோகன்–ஆந்த்ரே மேட்ச் பற்றி. தோள் தரையை விட்டு எழும்பியும் மூன்று எண்ணிய நடுவர், அவரைப் போலவே இருந்த இன்னொரு நடுவர், ஜெயித்த கையோடு பெல்ட்டை டெட் டிபியாசியிடம் விற்ற ஆந்த்ரே. அங்கே 3 கோடிப் பேரின் கண் முன்னால் நாயகனை ஏமாற்றினார்கள், ஆனாலும் எவனும் டிவியை அணைக்கவில்லை. நான்காவது கேள்விக்கு இதைவிட நல்ல சோதனை கிடைக்காது.